போட்டோ எடிட்டிங்குக்கு எவ்வளவு ரேம் வேண்டும்? உங்கள் படத்தை வைத்தே கணக்குப் போடலாம்

நேராகப் பதிலுக்கே வந்துவிடுகிறேன். கேமராவில் எடுத்த படங்களை லைட்ரூம் மாதிரி ஒரு மென்பொருளில் போட்டு, வெளிச்சமும் நிறமும் திருத்தி வெளியே எடுப்பதுதான் உங்கள் வேலை என்றால் 16 ஜிபி போதும். போட்டோஷாப்பில் லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் படத் தாள்) மேல் லேயராக அடுக்குபவர் என்றால் 32 ஜிபி வையுங்கள். நிறைய படங்களை ஒட்டிப் பனோரமா செய்கிறவர்கள், ஒரு சின்னப் பூச்சியை முப்பது வெவ்வேறு ஃபோகஸில் எடுத்து ஒரே படமாக்குகிறவர்கள் 64 ஜிபியைப் பற்றி யோசிக்கலாம். 8 ஜிபி கணினி ஏற்கெனவே கையில் இருந்தால் அதிலேயே தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் போட்டோ வேலைக்கென்று புதிதாகப் பணம் போட்டு 8 ஜிபி கணினி வாங்காதீர்கள்.

இது பொதுவான கணக்கு. இதை மட்டும் நம்பி வாங்கினால் சிலருக்குப் பாதி ரேம் சும்மா கிடக்கும், சிலருக்கு ஆறே மாதத்தில் போதாமல் போகும். உங்களுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமில்லை. கொஞ்சம் பெருக்கல், கொஞ்சம் கவனிப்பு, அவ்வளவுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "என் லேப்டாப்பில் 512 ஜிபி மெமரி இருக்கிறது, அப்படியும் படம் திறக்க நேரமாகிறதே" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த 512, படங்களைச் சேமித்து வைக்கும் இடம், அதாவது எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க். கணினியை அணைத்தாலும் அதில் இருப்பது அப்படியே இருக்கும். ரேம் என்பது இந்த நிமிடம் நீங்கள் திறந்து வைத்திருக்கும் படமும் மென்பொருளும் தங்கும் இடம். மின்சாரம் போனால் அதில் இருப்பது போய்விடும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டாவது மெமரியைப் பற்றித்தான்.

படம் திறந்த பிறகு எவ்வளவு பெரிது?

ஃபோல்டரில் ஒரு ஜேபெக் படம் 8 எம்பி என்று காட்டும். அது சுருக்கி வைத்த அளவு. எடிட் செய்யத் திறந்ததும் அந்தச் சுருக்கம் விரிந்துவிடும். படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களை ரேமில் வைத்தாக வேண்டும். 8 பிட் படத்தில் ஓர் எண்ணுக்கு ஒரு பைட், 16 பிட் படத்தில் ஓர் எண்ணுக்கு இரண்டு பைட்.

24 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் படம் அகலத்தில் 6000 பிக்சல், உயரத்தில் 4000 பிக்சல். பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம் பிக்சல். 8 பிட்டில் அதை மூன்றால் பெருக்குங்கள், 72 எம்பி. 16 பிட்டில் ஆறால் பெருக்குங்கள், 144 எம்பி. ஃபோல்டரில் 8 எம்பியாக இருந்த படம் இது.

ஆக, சூத்திரம் இவ்வளவுதான்: உங்கள் கேமராவின் மெகாபிக்சலை 8 பிட்டுக்கு மூன்றாலும் 16 பிட்டுக்கு ஆறாலும் பெருக்குங்கள். வருவது ஒரு லேயருக்கான எம்பி. 12 மெகாபிக்சல் போன் படத்துக்கு 8 பிட்டில் 36 எம்பி. 45 மெகாபிக்சல் கேமராவுக்கு 16 பிட்டில் 270 எம்பி. 61 மெகாபிக்சல் என்றால் 366 எம்பி.

போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 24 மெகாபிக்சல் படம் ஒன்றை 8 பிட்டில் திறந்து, விண்டோவின் அடிப்பக்கம் இருக்கும் நிலைப் பட்டையில் டாக்குமென்ட் சைஸைக் காட்டச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 68.7 எம் என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். (மேலே சொன்ன அதே 72 எம்பிதான். 1024-ஆல் வகுத்துக் காட்டுவதால் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.) இப்போது பேக்ரவுண்ட் லேயரை ஒரு நகல் எடுங்கள். இடது எண் அசையாது, வலது எண் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இடது பக்கம் எல்லா லேயரையும் ஒன்றாக்கினால் வரும் அளவு, வலது பக்கம் லேயர்களோடு சேர்ந்த அளவு. அப்படியே 16 பிட்டுக்கு மாற்றிப் பாருங்கள், இரண்டுமே இரட்டிப்பாகும். புதியவர்கள் ஒருமுறையாவது இதைச் செய்துபார்க்க வேண்டும். எந்த வேலை ரேமைத் தின்கிறது, எது தின்னாது என்பது அதன்பிறகு மறக்காது.

ஒன்று எப்படிப் பத்தாகிறது

ஒரு லேயர் 144 எம்பிதானே, 16 ஜிபி எதற்கு என்று தோன்றும். நியாயமான சந்தேகம். ஒரு முகப் படத்தைத் திருத்தும் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

45 மெகாபிக்சல் படம், 16 பிட். அடியில் அசல் லேயர். தோலின் நிறத்தையும் நுணுக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துத் திருத்த இரண்டு நகல்கள். அதுவரை செய்ததையெல்லாம் ஒன்றாக்கி ஒரு லேயர். கடைசியில் கூர்மைப்படுத்த இன்னொன்று. முழு லேயர் ஐந்து, ஆளுக்கு 270 எம்பி, மொத்தம் 1.35 ஜிபி. சரி, இதுவரை பயமில்லை.

பெரிய செலவு ஹிஸ்டரியில் இருக்கிறது. தவறிச் செய்ததைத் திரும்பப் பெற வசதியாக, போட்டோஷாப் நீங்கள் செய்ததில் கடைசி 50 படிகளைத் தானாகவே நினைவில் வைத்திருக்கும். ஒரு சின்னப் பருவை அழித்தால் அந்த இடத்தை ஒட்டிய பகுதி மட்டும் சேமிக்கப்படும், பெரிய பாரமில்லை. ஆனால் படம் முழுவதையும் மங்கலாக்குவது, கூர்மையாக்குவது, நாய்ஸைக் (படத்தில் தெரியும் புள்ளிக் கரகரப்பைக்) குறைப்பது போன்ற ஃபில்டர் ஒவ்வொன்றும் முழுப் படத்தையும் மாற்றுகிறது, அதனால் ஒவ்வொரு படிக்கும் இன்னொரு 270 எம்பி. இப்படி இருபது படி நடந்தால் 5.4 ஜிபி. லேயர்களோடு சேர்த்தால் ஒரே ஒரு முகத்துக்கு 7 ஜிபியை நெருங்கிவிட்டோம்.

இப்போது கணினியின் பக்கம் பாருங்கள். மொத்தம் 16 ஜிபி. விண்டோஸும் பின்னால் ஓடும் சில்லறைச் செயலிகளும் 3 முதல் 5 ஜிபி எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் பத்து இருபது டேப் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு ஜிபி. லைட்ரூமும் பின்னால் திறந்தே கிடக்கும், அதை யாரும் மூடுவதில்லை. போட்டோஷாப்பும் இருக்கிற ரேமில் 70 சதவீதத்தைத்தான் இயல்பாகத் தனக்கு ஒதுக்கிக்கொள்ளும். இதனால்தான் லேயர் வேலை செய்பவர்களுக்கு 32 என்று சொல்கிறேன்.

பனோரமா, ஃபோகஸ் ஸ்டாக்கிங் (தொடக்கத்தில் சொன்ன, பல ஃபோகஸ் படங்களை ஒன்றாக்கும் வேலை) இரண்டும் வேறு மாதிரி. அங்கே எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். 24 மெகாபிக்சல் படம் முப்பதை 16 பிட்டில் அடுக்கினால் பிக்சல்கள் மட்டுமே 4.3 ஜிபி. அதற்கு மேல் அவற்றை நேர்ப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மாஸ்க் (எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்கும் மறைப்பு) போட்டு, கலந்து, ஹிஸ்டரியும் சேர்ந்தால் 16 ஜிபி கணினி மூச்சுத் திணறும்.

ரா ஃபைலை (கேமரா பதிவுசெய்த மூலப் படத்தை) மட்டும் கையாளும் மென்பொருள்கள் இவ்வளவு கேட்பதில்லை, ஏனென்றால் அவை செய்த மாற்றங்களைக் குறிப்பாக எழுதி வைக்கின்றன, படத்தின் நகலாக வைப்பதில்லை. ஆனாலும் அவற்றுக்கும் ஓர் அடிப்படைச் செலவு உண்டு. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் உள்ளுக்குள் ஒரு பிக்சலுக்கு நான்கு எண்கள், எண்ணுக்கு நான்கு பைட் என்று வேலை செய்கிறது. 24 மெகாபிக்சல் படத்துக்கு அது 384 எம்பி. ஒரு படியில் உள்ளே போவதும் வெளியே வருவதும் சேர்ந்து அதற்கு இரண்டு மடங்கு. ரேம் குறைவாக இருந்தால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி வேலையை முடித்துவிடும். நேரம் கூடும், ஆனால் வேலை நிற்காது. இலவச மென்பொருளோடு 8 ஜிபியில் தொடங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

ரேம் தீர்ந்தால் என்ன ஆகும்

கணினி உடனே நின்றுவிடாது. இடமில்லாததை எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்கிலோ எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்பப் படிக்கும். வேகம் அடிபடுவது இங்கேதான். டிடிஆர்4 3200 வகை ரேம் ஒரு குச்சியாக (கணினிக்குள் செருகும் ஒரு ரேம் பலகையாக) இருந்தாலே நொடிக்கு 25.6 ஜிபி வரை தள்ளக்கூடியது. நல்ல என்விஎம்இ (வேகமான புதிய வகை) எஸ்எஸ்டி நொடிக்கு 3.5 முதல் 7 ஜிபி. பழைய சாட்டா எஸ்எஸ்டி அரை ஜிபி சொச்சம். சுழலும் ஹார்ட் டிஸ்க் 0.1 முதல் 0.2 ஜிபிதான், அதுவும் தொடர்ச்சியாகப் படித்தால் மட்டும். பிரஷை இழுத்தால் கோடு அரை நொடி தாமதமாக வருகிறது, ஒரு படியைத் திரும்பப் பெற்றால் சுட்டி சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மின்னுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஓட்டுபவர் என்றால் என் ஆலோசனை, ரேமுக்கு முன்பு எஸ்எஸ்டிக்கு மாறுங்கள் என்பதுதான். படம் திறப்பது, சேமிப்பது, கணினி எழுவது எல்லாமே மாறிவிடும்.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

உங்களுடைய வேலைகளிலேயே மிகக் கனமானது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண நாளின் சாதாரணப் படம் வேண்டாம். பெரிய கேமரா படம், நிறைய லேயர், பின்னால் வழக்கமாகத் திறந்திருக்கும் பிரவுசரும் பாட்டும், எல்லாம் அப்படியே இருக்கட்டும். அரை மணி நேரம் உண்மையாகவே வேலை செய்யுங்கள். திறந்த உடனே பார்த்தால் எண் குறைவாகத்தான் இருக்கும், ஹிஸ்டரி நிறைய வேண்டும்.

விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அங்கேயே தெரியும். 60, 70 சதவீதம் நிரம்பியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், ரேம் நிரம்புவதற்காகத்தான் இருக்கிறது. மிச்சம் ஒரு ஜிபிக்குக் கீழே போய் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் உங்களுக்குப் போதவில்லை.

மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பகுதி. அங்கே மெமரி பிரஷர் என்று ஒரு வரைபடம் ஓடும். பச்சையாக இருந்தால் நிம்மதி. மஞ்சளுக்கு அடிக்கடி போனால் யோசிக்க வேண்டும். சிவப்பு என்றால் சந்தேகமே இல்லை. பக்கத்தில் ஸ்வாப் (ரேமில் இடமில்லாமல் டிஸ்கில் எழுதி வைத்தது) எவ்வளவு என்றும் காட்டும். அது பல ஜிபியாக ஏறிக்கொண்டே போனால் கணினி ரேமுக்குப் பதில் எஸ்எஸ்டியை நம்பி ஓடுகிறது என்று பொருள்.

போட்டோஷாப்புக்குள்ளேயே எனக்கு மிகப் பிடித்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. முன்பு சொன்ன அடிப்பட்டையில் எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதம் என்று நின்றால் எல்லா வேலையும் ரேமிலேயே நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் போட்டோஷாப் டிஸ்கை நாடுகிறது. எப்போதாவது ஒரு பெரிய ஃபில்டரின்போது 95-க்குப் போய் மீண்டால் விட்டுவிடலாம். நாள் முழுக்க 80-இல் கிடந்தால் ரேம் வாங்கும் காசு வீண்போகாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: எண் எப்போதும் 100-இலேயே நிற்க, கணினி மட்டும் மெதுவாக ஓடுகிறது என்றால், ரேமை இரட்டிப்பாக்கினாலும் ஒன்றும் மாறாது. பிராசஸரையோ கிராபிக்ஸ் கார்டையோ டிஸ்கையோ சந்தேகியுங்கள். குறிப்பாக, செயற்கை நுண்ணறிவு கொண்டு நாய்ஸ் நீக்கும் வசதிகள் கிராபிக்ஸ் கார்டையும் அதற்குள் இருக்கும் தனி மெமரியையும்தான் நம்பியிருக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான மெமரியும் பொது ரேமிலிருந்தே போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

காசு செலவில்லாமல் கொஞ்சம் இடம்

ஒரு நிற மாற்றத்துக்கோ வெளிச்சத்துக்கோ லேயரை நகல் எடுப்பது புதியவர்களிடம் பார்க்கும் பழக்கம். அதற்குப் பதில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்கள். அதில் பிக்சல் நகல் கிடையாது, தீட்டிய மாஸ்குக்கு மட்டும்தான் இடம் போகும். ரேமும் மிச்சம், பிறகு மனம் மாறினால் திருத்தவும் முடியும்.

படத்தில் வேண்டாத ஓரங்களை வெட்டுவதாக இருந்தால் முதலிலேயே வெட்டிவிடுங்கள். வெட்டும்போது நீக்கிய பிக்சல்களை விட்டுவிடும் தெரிவு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெட்டியது கண்ணுக்கு மறைந்தாலும் லேயருக்குள் இருந்துகொண்டே இருக்கும். ஹிஸ்டரி படிகளை 50-இலிருந்து 20-க்குக் குறைக்கலாம். நடுவில் இடம் போதவில்லை என்றால் எடிட் மெனுவில் பர்ஜ் கொடுத்து ஹிஸ்டரியைக் காலி செய்யலாம், ஆனால் அதற்குப் பிறகு பின்னால் போக முடியாது என்பதால் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

போட்டோஷாப்புக்கு ஒதுக்கும் 70 சதவீதத்தை 80 வரை ஏற்றலாம். 100-க்கு ஏற்றச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். விண்டோஸுக்கு மூச்சு விட இடமில்லாமல் போனால் எல்லாமே சேர்ந்து மெதுவாகும். ஸ்கிராட்ச் டிஸ்க்காக (ரேம் போதாதபோது போட்டோஷாப் எழுதி வைக்கும் இடமாக) நிறைய காலியிடம் இருக்கும் எஸ்எஸ்டியைக் கொடுங்கள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பிரிஃபரன்ஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில் டைல் கேஷ் (படத்துக்காக ரேமில் ஒதுக்கும் இடம்) அளவையும் அன்டூவுக்கான மெமரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பிரவுசர். வேலை நேரத்தில் அதை மூடுவதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

வாங்கும்போது

ரேமை ஏற்ற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி, எவ்வளவு என்பது அடுத்ததுதான். மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகள் எல்லாமே அப்படித்தான். வாங்கும் நாளில் எவ்வளவோ, கடைசி நாள்வரை அவ்வளவே. இப்படிப்பட்ட கணினி வாங்குகிறீர்கள் என்றால், இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே வாங்குங்கள். பிராசஸரில் ஒரு படி இறங்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. 16 போதும் என்று அளவு சொன்னால், லேயர் வேலைக்குப் போகும் எண்ணம் இருப்பவர் 32 எடுக்கட்டும். ரேம் செருகும் ஸ்லாட் இருக்கும் கணினி என்றால் அவசரம் இல்லை, இன்று 16, தேவை வந்தால் நாளை 32.

உங்கள் கணினியில் ஸ்லாட் இருக்கிறதா என்பதை அதே டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் பார்க்கலாம், இரண்டு ஸ்லாட்டில் ஒன்று பயன்பாட்டில் என்பதுபோலக் காட்டும். அது சில லேப்டாப்களில் தவறாகவும் காட்டக்கூடும். எனவே தயாரிப்பாளரின் கையேட்டில் மாடல் எண்ணைத் தேடி, அதிகபட்சம் எத்தனை ஜிபி, எந்த வகை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது, வெட்டுப் பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப் ரேம் குட்டையானது, எஸ்ஓ-டிம் என்று பெயர். மேசைக் கணினியின் நீளமான ரேம் அதில் நுழையாது.

16 ஜிபி ஒரே குச்சியா, 8 ஜிபி இரண்டா? இரண்டு ஸ்லாட்டும் காலி என்றால் ஜோடியாகவே வாங்குங்கள். இரண்டு வழியாகத் தரவு ஓடுவதால் வேகம் கூடும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இது நன்றாகவே தெரியும். ஒரே பெட்டியில் வரும் ஜோடி என்றால் பொருந்தாத தொல்லையும் இல்லை. ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதே வகை, அதே வேகம், அதே அளவில் இன்னொன்று சேருங்கள். அதிக மெகாஹெர்ட்ஸ் என்று விலை ஏறும் குச்சிகளுக்கு ஆசைப்பட வேண்டாம். படம் திருத்தும் வேலையில் வேகத்தைவிட அளவுதான் பேசும்.

பொருத்துவதும் சோதிப்பதும்

கணினியை முழுதாக அணைத்து மின்கம்பியைப் பிடுங்குங்கள். லேப்டாப்பில் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுவது நல்லது. உடலில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, குச்சியை ஓரங்களில் பிடியுங்கள். லேப்டாப் ரேமைச் சாய்வாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இரு பக்கக் கொக்கியும் டக்கென்று பிடிக்கும். மேசைக் கணினியில் நேராக மேலிருந்து அழுத்த வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சி மட்டும் போடுவதாக இருந்தால், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். மதர்போர்டு கையேட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள்.

டிடிஆர்5 கணினி முதல்முறை எழும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். புதிய ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து அணைத்துவிடாதீர்கள். எழுந்ததும் டாஸ்க் மேனேஜரில் முழு அளவும் தெரிகிறதா, வேகம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேசைக் கணினியில் வேகம் குறைவாகக் காட்டினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் கணினியின் அமைப்புப் பக்கத்தில்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்றை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். புது ரேமை நம்பி உங்கள் படங்களைத் திறப்பதற்கு முன், ஓர் இரவு மெமரி சோதனை ஓட்டுங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, இன்னும் கடுமையாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86 இருக்கிறது. பழுதான ரேம் எப்போதும் கணினியை நிறுத்திக் காட்டிக்கொடுக்காது. சில நேரம் சத்தமில்லாமல் ஒரு எண்ணை மாற்றிவிடும், நீங்கள் சேமிக்கும் படத்தில் ஒரு பட்டை நிறம் மாறியோ பாதிப் படம் சாம்பலாகியோ போயிருக்கும். மெமரி கார்டிலிருந்து படங்களை நகல் எடுக்கும்போது இது நடந்தால், கார்டை அழித்த பிறகுதான் தெரியவரும். சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி ஓட்டி, பழுதானது எது என்று கண்டுபிடித்து, உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை கார்டில் இருக்கும் படங்களை அழிக்காதீர்கள்.